எடுத்துக் கொடுத்தவள்

நாடகக் குழுவில் எல்லோரும் அவரை 'ராஜா' என்றுதான் கூப்பிடுவார்கள். வேஷத்தைக் கலைத்தாலும் கிரீடத்தை இறக்காத மனுஷர். வசனம் மறந்தால் பக்கத்திரை ஓரத்தில் நின்று எடுத்துக் கொடுப்பது அவர் மனைவி. இரண்டு வருடமாக அவருக்குக் காது மந்தம். வெளியே தெரிந்தால் பெயர் கெட்டுவிடும் என்று அவள் உயிரை வாங்கினார். அவளும் சத்தமில்லாமல் வாயசைப்பாள். இவர் உதட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

அன்று கடைசிக் காட்சி. செத்துக் கிடக்கும் மகன் முன்னால் மண்டியிட்டு, "மகனே, உன்னோடு என் மனமும் போயிற்று" என்று கதற வேண்டும். பாதியில் மறந்துபோனது. அவளைப் பார்த்தார். உதடு சேர்ந்து பிரிந்தது. மானாவுக்கும் பானாவுக்கும் உதட்டில் என்ன வித்தியாசம்?

"மகனே, உன்னோடு என் பணமும் போயிற்று!"

அரங்கமே வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அவர் காதுக்கே எட்டியது.

ஒப்பனை அறையில் முதலாளி அவர் முகத்துக்கு நேரே கத்தினார். "யாரு தப்பு இது?"

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜா கண்ணாடியைப் பார்த்து ஒட்டுமீசையை மெல்ல உரித்தார்.

"இவதான் தப்பா எடுத்துக் கொடுத்தா. வயசாகுதில்ல, நோட்டுல எழுத்தே சரியாத் தெரியல இவளுக்கு."

கூசாமல் சொன்னார், பாவி. அவள் வாயைத் திறந்தால் அவர் மானம் கப்பலேறிவிடும். திறக்கவில்லை. "நாளையிலருந்து வேற ஆளு" என்று முதலாளி சொன்னதும் வசன நோட்டை மேசைமேல் வைத்தாள்.

"உங்க பேரு நல்லா இருக்கட்டுங்க."

அதையும் உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். நெஞ்சில் சுருக்கென்றது. ஆனாலும் பெயர் தப்பியதே என்ற நிம்மதிதான் பெரிதாக இருந்தது.

மறுநாள் வந்த புது ஆள் தொழிலில் கெட்டிக்காரர். தலைமுடிகூடத் தெரியாமல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

"மகனே, உன்னோடு..." ராஜா நின்றார். திரையோரம் பார்த்தார். வெறும் துணி.

புது ஆள் கிசுகிசுத்தார். உரக்கச் சொன்னார். பிறகு கத்தியேவிட்டார். "என் மனமும் போயிற்று!" கடைசி வரிசைவரை கேட்டது. ராஜா மண்டியிட்டபடி அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

பிணமாகப் படுத்திருந்தவன் பொறுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தான். அவர் முகத்துக்கு நேரே, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டான்.

"காது கேக்கலையா ஐயா உங்களுக்கு?"

அதை மட்டும் ராஜா பிழையில்லாமல் படித்தார்.