பரமலிங்கத்தின் உயரம்

பரமலிங்கத்தின் விடுதியில் தங்குபவர்கள், முதலாளி தங்களை மதிக்கும் அளவுக்கே உயரமாக இருந்தார்கள். கிளிநொச்சியில் இது எல்லோருக்கும் தெரியும். கனடாவிலிருந்து வந்தவர்கள் கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டார்கள். தர்மபுரத்து விவசாயிகள் முழங்காலளவுக்கு இறங்கி, கட்டிலில் ஏற ஒருவரையொருவர் தூக்கிவிட்டார்கள். வாசலைத் தாண்டினால் பழைய உயரம் வந்துவிடும் என்பதால் ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை. பரமலிங்கம் யாரிடமும் பெயர் கேட்பதில்லை. ஊரைத்தான் கேட்பார், ஊர் தெரிந்தால் ஆளைத் தெரிந்துவிடும் என்பது அவருடைய எண்ணம்.

போன மாசியில் ஒரு பின்னேரம் வீரம்மா வந்தாள்.

"எந்த ஊர்?"

"ஒட்டுசுட்டானுங்க."

நாலடியானாள்.

"அப்பா அம்மா எந்த இடம்?"

"அட்டன் பக்கம், தேயிலைத் தோட்டமுங்க."

ஒரு சாணானாள். "ஓம், விளங்குது" என்று பரமலிங்கம் கடைசி அறையைக் காட்டினார்.

பெயரைக் கேட்டிருந்தால் அவருக்கு வேறொன்றும் விளங்கியிருக்கும். விடுதி நிற்கும் காணி வீரம்மாவுடையது. யுத்தத்தில் அவள் இடம்பெயர்ந்திருந்தபோது யாரோ அதை அவருக்கு விற்றுவிட்டார்கள். அவர் மேல் அவள் போட்ட வழக்குக்கு மறுநாள் ஒன்பது மணிக்கு விசாரணை, வராதவர் தோற்பார். ஒட்டுசுட்டான் பாதையில் காலையில் யானை நிற்கும் என்றுதான் அவள் முதல் நாளே வந்தாள். தன் மண்ணில் ஒரு இரவு படுக்கவும் ஆசை. அவளுடைய அடுப்பு இருந்த இடத்தில் கட்டில் கிடந்தது. வீரம்மா அழுதாள்.

விடியத் தாழ்ப்பாள் எட்டவில்லை. தன்னோடு சுருங்கியிருந்த காணிப் பத்திரத்தையும் இழுத்துக்கொண்டு கதவுக்குக் கீழால் நுழைந்து வெளியேறினாள். வழக்காளியை யானை மறித்துவிடும் என்று நம்பி ஆறுதலாக வந்த பரமலிங்கம், விசாரணை மேசைக்கு முன்னால் முழு உயரத்தில் இருந்தவளைக் கண்டார்.

காணியும் கட்டடமும் வீரம்மாவுக்கே என்று தீர்ப்பானது. பரமலிங்கம் வெளிக்கிட மூன்று மாத அவகாசம். அதுவரைக்கும் இனி அவர்தான் அங்கே தங்குபவர். வேடிக்கை பார்க்க விடுதியில் ஊர் திரண்டது. ஒருவர் அவரைப் போட்டு வைக்கத் தீப்பெட்டியோடு வந்திருந்தார். பரமலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு வீரம்மாவின் முன்னால் நின்றார்.

"ஏன் நிக்கிறீங்க? இருங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுப் பேசலாம்" என்றாள் அவள்.

கண்ணைத் திறந்தபோது ஐந்தடி நாலங்குலம் இருந்தார். அவருக்குத் தாய் தந்த உயரம் அதுதான். அத்தனை வருடமும் தன் விடுதியில் தன்னை ஆறடியாக வைத்திருந்த மனிதருக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. ஆறடிக்குத் தைத்த காற்சட்டை நிலத்தில் இழுபட்டது. தீப்பெட்டிக்காரர் ஏமாற்றத்தோடு வீட்டுக்குப் போனார்.

"உங்கட அளவு இதுதானே. கலியாணம் கட்டேக்கையே எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, மனைவி கமலாசனி அவருடைய காற்சட்டைகளை எல்லாம் மடித்துத் தைக்க உட்கார்ந்தாள்.