நாலு ஓட்டை மிட்டாய்

கணவன் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது அவனுடைய மூன்று யூனிஃபார்ம் கோட்டுகளில் இரண்டு பட்டன் இல்லாமல் மொட்டையாகிக் கட்டிலில் கிடந்தன. மூன்றாவது மனைவியின் மடியில் இருந்தது. சின்னக் கத்தரிக்கோலின் நுனியை நூலுக்கு அடியில் விட்டு நெம்பி, துணியில் ஒரு கீறல் விழாமல், மேலிருந்து நாலாவது பட்டனை எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்த பட்டன்கள் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் கிடந்தன. பெரிய பட்டன்கள், கட்டைவிரல் நகத்தைவிடப் பெரியவை. அவன் ஒரு பெரிய ஹோட்டலின் வாசலில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்து சலாம் வைக்கிற வேலையில் இருந்தான். அந்த வேலையில் பாதியைக் கோட்டுதான் பார்க்கிறது.

"என்னடி பண்ற?"

"பாத்தா தெரியல? பட்டன் எடுக்கறேன்."

"அது தெரியுது. நாளைக்கு நான் வாசல்ல எப்படி நிக்கறது? நெஞ்சத் தொறந்து போட்டுக்கிட்டா?"

"சாயங்காலத்துக்குள்ள தச்சுத் தரேன். ஒம்பது வருஷமா ஊரான் கோட்டுக்கெல்லாம் தச்சவ. உங்க கோட்டுக்குத் தைக்க மாட்டேனா?"

அது உண்மைதான். கோட்டு தைக்கிற கம்பெனியில் பட்டன் தைக்கும் மிஷினில் அவள் உட்கார்ந்து ஒன்பது வருடமாகிறது. லைனில் இருக்கிற நாற்பது பெண்களுக்கும் அவள் பட்டனக்கா. அவளைவிட மூத்தவர்களும் பட்டனக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணைக் கட்டிவிட்டுக் கையில் ஒரு பட்டனைக் கொடுத்தால் அது என்ன அளவு, எத்தனை ஓட்டை, ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளைத்தான் மூன்று வாரத்துக்கு முன்னால் பட்டன் திருடி என்று வாசலில் நிறுத்திவைத்தார்கள்.

நடந்தது இவ்வளவுதான். மிஷின் ஊசி சில சமயம் ஓட்டையில் இறங்காமல் பட்டனின் முதுகில் குத்தும். பட்டன் தெறித்து எங்காவது போய் விழும். அப்படித் தெறித்த ஒன்று மேஜைக்கு அடியில் இருந்த அவளுடைய சாப்பாட்டுப் பைக்குள் விழுந்திருக்கிறது. வாசலில் சோதனை போடுகிற செக்கிங்கம்மா பையைக் கவிழ்த்தபோது, டிபன் டப்பாவோடு சேர்ந்து அதுவும் மேஜையில் உருண்டது. ஒரே ஒரு பட்டன். மானேஜரைக் கூப்பிட்டார்கள். அவர் அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற காலர்காரியிடம், "நீ பக்கத்துலதான உக்கார்ற, இவ எடுத்தத பாத்தியா?" என்று கேட்டார். காலர் தைக்கிற அந்தப் பெண்ணோடு பட்டனக்கா ஆறு வருடமாக ஒரே டப்பாவில் சாப்பிட்டிருக்கிறாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்று காலர்காரி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். மானேஜர் பட்டனக்காவிடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, அவர் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார். "நான் கம்பெனி பட்டனை எடுத்தது தவறு. இனி எடுக்க மாட்டேன்." பின்னால் அத்தனை பேரும் வீட்டுக்குப் போகக் காத்து நிற்க, அவள் எழுதிக் கையெழுத்தும் போட்டாள். மறுநாள் காலையில் அந்தத் தாள் வாசல் போர்டில், நாலு மூலையிலும் பின் குத்தி, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி தொங்கியது.

திருடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் எழுதிக் கொடுத்தாளே, அதுதான் அவளைத் தின்றது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதபோது கணவன் முதுகைத் தடவிக்கொடுத்தான். கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, "எடுத்தியா?" என்று கேட்டான். அவள் அழுகை அந்த நிமிஷமே நின்றுபோனது. அதற்குப் பிறகு இந்த விஷயத்துக்காக அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கோபம்தான் வந்தது. மூன்று வாரமாக அடுப்பில் வைத்த பால் மாதிரி அதைப் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வருடக் கடைசி விடுமுறைக்கு முந்தின நாள் லைனில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதாவது கொடுப்பார்கள். ஒருத்தி சோப்பு கொடுப்பாள், ஒருத்தி கர்ச்சீப், ஒருத்தி ஹேர்பின். பட்டனக்கா போன வருடம் வரை கீசெயின் கொடுத்தாள். இந்த வருடம் என்ன கொடுக்கப்போகிறாள் என்பது போன வாரம் போர்டைக் கடந்து போகும்போது அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு.

"இத வச்சு என்ன பண்ணப் போற?" என்று கணவன் விடாமல் கேட்டான்.

"மிட்டாய்."

அவன் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். காய்ச்சல் இல்லை.

பெரிய தட்டில் சோள மாவைப் பரப்பி, வெயிலில் காயவைத்து எடுத்திருந்தாள். அதில் கோட்டுப் பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்தி எடுத்தாள். மாவில் வட்டம் வட்டமாகக் குழி விழுந்தது. அந்தக் குழிகளில் பாகை ஊற்றினால் ஆறினதும் பட்டன். சொல்ல எளிதாகத்தான் இருந்தது. முதல் பாகை இளகி வரும்போதே கரண்டியால் கிளறித் தொலைத்தாள். அது பழையபடி சர்க்கரையாகவே பூத்துப்போனது. இரண்டாவது பாகைச் சீக்கிரம் இறக்கிவிட்டாள். கணவன் ஒன்றை வாயில் போட்டுவிட்டு, மேல்வரிசைப் பல்லும் கீழ்வரிசைப் பல்லும் ஒட்டிக்கொண்டு ஐந்து நிமிஷம் பேச முடியாமல் உட்கார்ந்திருந்தான். வீட்டில் அந்த ஐந்து நிமிஷம் நிம்மதியாக இருந்தது.

மூன்றாவது தடவை எலுமிச்சைச் சாறும் இஞ்சிச் சாறும் விட்டு, கையைக் கட்டிக்கொண்டு கிளறாமல் நின்றாள். ஒரு சொட்டை எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் விட்டாள். டக்கென்று உடைந்தது. பதம் வந்துவிட்டது, இறக்கியிருக்க வேண்டும். ஆனால் நிறத்தைப் பார்த்ததும் கை நின்றது. பொன்னிறமாக இருந்தது. இப்போது கம்பெனியில் ஓடுகிற ஆர்டருக்குப் பழுப்புப் பட்டன், நிற அட்டையில் ஷேடு பதினேழு. அந்த நிறத்தை அவள் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை பார்க்கிறாள். "தீயுதுடி, எறக்கு!" என்று கணவன் கத்தினான். "இருங்க, பதினாறுதான் வந்திருக்கு" என்றாள். இன்னும் கொஞ்சம் விட்டாள். ஓரத்தில் லேசாகப் புகை எழும்போது இறக்கினாள். தட்டில் விழுந்த முதல் சொட்டு பதினேழேதான். கொஞ்சம் கசப்பு ஏறியிருந்தது. இருக்கட்டும் என்று விட்டாள்.

ஓட்டை போடுவதுதான் பெரிய பாடு. பாகு முழுக்க இறுகுவதற்குள், தொட்டால் தோல் மாதிரி இருக்கிற அந்த ஒரு நிமிஷத்துக்குள், கோணி ஊசியால் நாலு குத்து. கொஞ்சம் முந்தினால் ஓட்டை மூடிக்கொள்ளும், பிந்தினால் பட்டன் உடையும். அவளுக்கா கை வராது? டக் டக் டக் டக் என்று குத்திக்கொண்டே போனாள். ஆறினதும் எடுத்து மாவைத் தட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஓட்டை கோணினது, ஓரம் உடைந்தது, நடுவில் குமிழி விழுந்தது எல்லாம் தனியே போயிற்று.

"மிட்டாய்க்குமா ரிஜெக்ட்?" என்றான் கணவன், ரிஜெக்ட்டை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டே.

"பட்டன்னா பட்டனா இருக்கணும்."

கடைசித் தட்டு ஆறிக்கொண்டிருந்தபோது அவன் மெதுவாக, "வேல போயிடுமேன்னுதான் பயமா இருக்கு" என்றான். நாள் முழுக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதன். அவனுக்கு அந்தப் பயம் இல்லாமல் இருக்குமா? அவள் ஊசியைத் துடைத்துக்கொண்டே, "நீங்க கேட்டீங்கள்ல, எடுத்தியான்னு" என்றாள். அவன் வாயில் இருந்த மிட்டாயை மெல்லுவதை நிறுத்தினான். "கேட்டிருக்கக் கூடாது" என்றான்.  சாயங்காலம் கோட்டுகளுக்குப் பட்டன் தைத்தபோது அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்று நூல் கூடுதலாகச் சுற்றினாள்.

கோட்டோடு உபரிப் பட்டன் வைத்து அனுப்புகிற சின்ன பிளாஸ்டிக் கவர் மாதிரியே கடையில் கிடைத்தது. கவருக்கு நாலு பட்டன் வீதம் போட்டு மூடினாள். காலர்காரிக்கு மட்டும் ரிஜெக்ட்டில் இருந்து பொறுக்கி நாலு கோணல் பட்டன். அற்பத்தனம்தான். ஆனால் அதைச் செய்தபோது மனதுக்கு இதமாகத்தான் இருந்தது.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கவர்களைக் கொடுத்தாள். வாங்கின முதல் ஆள், இஸ்திரி போடுகிறவள், கவரைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டாள். "அக்கா, என்னக்கா இது? உனக்கு ஒரு லெட்டர் போதாதா?" பட்டனக்கா ஒன்றை எடுத்துத் தன் வாயில் போட்டுக் கடித்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் சாப்பாட்டு அறையே கொல்லென்று சிரித்தது. அவர்கள் அப்படிச் சிரிக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஒரு நாள் முழுக்க அடுப்படியில் நின்றாள். அவர்கள் அதைத் தின்றுவிட்டுப் போவார்கள், ஒன்றிரண்டு பேர் வாசலில் செக்கிங்கம்மாவிடம் காட்டி வம்பிழுப்பார்கள், அவ்வளவுதான் அவள் போட்ட கணக்கு. காலர்காரி தன் கவரை வாங்கி, கோணல் ஓட்டைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பையில் போட்டுக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு வாசலில் வரிசை நின்றது. பத்து நாள் விடுமுறை. ஊருக்குப் போகிறவர்கள் காலையிலேயே பெட்டியோடு வந்திருந்தார்கள். பட்டனக்கா வரிசையில் பதினைந்தாவது ஆள். முதல் ஆள் காலர்காரி. செக்கிங்கம்மா அவள் பைக்குள் கையை விட்டுக் கவரை எடுத்தாள். நாலு பழுப்புப் பட்டன். முகம் மாறியது.

"என்ன இது?"

மிட்டாய் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அதை அவள் சொல்லிவிடுவாள் என்றுதான் பட்டனக்கா எதிர்பார்த்தாள்.

"பட்டன்" என்றாள் காலர்காரி.

"கம்பெனி பட்டனா?"

"அப்படித்தான் தெரியுது. ஒண்ணு இல்ல, நாலு எடுத்திருக்கேன். லெட்டர் எழுதணும்ல? தாள் குடுங்க."

இந்தத் தடவை அவள் தரையைப் பார்க்கவில்லை. பின்னால் இருந்த இஸ்திரிக்காரி தானாகவே கவரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "எனக்கும் ஒரு தாள்." அவளுக்குப் பின்னால் இருந்தவளும் வைத்தாள், அவளுக்கும் பின்னால் இருந்தவளும். மேஜையில் கவர்கள் குவிந்தன.  பட்டனக்கா யாரிடமும் எதுவும் சொல்லி வைக்கவில்லை. எல்லாரும் மிட்டாயைத் தின்று தீர்க்காமல் வாசல் வரைக்கும் கொண்டுவந்திருக்கிறார்களே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மானேஜர் வந்தார். ஒரு பட்டனை எடுத்து விரலால் உருட்டினார், முகர்ந்தார்.

"இஞ்சி வாசன வருது. மிட்டாயா?"

"பட்டன் சார்" என்றது வரிசை.

"வெளையாடறீங்களா? போங்க எல்லாரும், இன்னிக்கு செக்கிங் கெடையாது. பஸ் நிக்குது பாருங்க."

ஒருத்தரும் நகரவில்லை.

"லெட்டர் எழுதாம எப்படி சார் போறது?" என்றாள் காலர்காரி. "எடுத்தா எழுதணும். எடுக்காமலே அக்கா எழுதியிருக்கு. நாங்க எடுத்துட்டு சும்மா போனா நல்லாவா இருக்கும்?"

மானேஜர் வரிசையை ஒரு முறை முழுக்கப் பார்த்தார். பிறகு, "மொதலாளிகிட்ட பேசறேன். அப்பறம் தெரியும் உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அறையின் கண்ணாடி வழியாக அவர் போனைக் காதில் வைப்பது தெரிந்தது. அவர் சும்மா மிரட்டவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். விடுமுறை முடிந்து வரும்போது இவர்களில் எத்தனை பேருக்கு மிஷின் இருக்குமோ.  

பட்டனக்கா வரிசையை விட்டு வெளியே வந்தாள். வரிசையை விட்டு வருவதே தப்பு. நேராகப் போர்டுக்குப் போனாள். போர்டில் தொங்கவிட்ட பிறகு தன் கையெழுத்தை இவ்வளவு பக்கத்தில் அவள் பார்த்தது இப்போதுதான். கோழி கிளறின மாதிரி இருந்தது. மேல் மூலைப் பின்னில் நகத்தை விட்டு இழுத்தாள். வரவில்லை.

செக்கிங்கம்மா எழுந்து வந்தாள். கையைப் பிடித்து இழுக்கப்போகிறாள் என்று நினைத்துப் பட்டனக்கா தோளை விறைத்துக்கொண்டாள். செக்கிங்கம்மா அவளுக்கும் மானேஜர் அறைக் கண்ணாடிக்கும் நடுவில், கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, அகலமாக நின்றாள். செக்கிங்கம்மாவின் ஒரு கன்னம் உப்பியிருந்தது. மிட்டாய் பல்லில் தட்டுகிற சத்தம் கேட்டது.

"அசச்சு எடு" என்றாள் மெதுவாக. "நான்தான் குத்துனேன். இறுக்கமா இருக்கும்."

பட்டனக்கா அசைத்தாள். பின் வந்தது. தாளின் மூலை மடங்கி, எழுத்தின்மேல் கவிழ்ந்தது. உள்ளே மானேஜர் இன்னும் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவள் அடுத்த பின்னில் நகத்தை வைத்தாள்.