பின்கதவு இடுக்கு

இப்போதெல்லாம் சாவு வீட்டுக்கு வருகிறவன் செத்தவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பைக்கை எந்த நிழலில் விடலாம் என்றுதான் பார்க்கிறான். மாலையைக் கொண்டுபோய் ஐஸ் பெட்டி மேல் போடுகிறான், வெளியே வருகிறான், போனை எடுக்கிறான். உள்ளே பொம்பளைகள் சத்தம் போட்டு அழுதால் இவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு தள்ளிப் போகிறான். பேசுகிறவனுக்குச் சாய்ந்து நிற்க ஏதாவது வேண்டும். இன்றைக்கு அதற்குப் பால்ராஜின் புது பிக்கப் வண்டி கிடைத்திருந்தது.

"எறங்குடா. பெயிண்ட் போயிடும்," என்றார் மாசிலாமணி.

பின்பக்கம் ஏறி உட்கார்ந்திருந்த இரண்டு பேர் குதித்து இறங்கினார்கள். ஆளே போயாச்சு, பெயிண்டைப் பத்திப் பேசுது பெருசு என்று ஒருவன் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டார். வண்டியின் பின்கதவைத் தூக்கிச் சாத்தி, இடது ஓரத்து இடுக்கில் கட்டை விரலை வைத்துப் பார்த்தார். நகம் முழுசாக உள்ளே போனது. வலது பக்கம் போய் வைத்தார். பீடித்தாள் நுழையாது. முந்தாநாள் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

காலையிலிருந்து அவர் வீட்டுக்குள் போகவில்லை. உள்ளே ஐஸ் பெட்டியில் தம்பி பால்ராஜ் படுத்திருந்தான்.

அண்ணனும் தம்பியும் ஒரே படகில் தொழில் பார்த்தவர்கள். அப்பன் காலத்து மரப்படகு போய் பைபர் படகு வந்த பிறகும் ஆளுக்குப் பாதி என்றுதான் இருந்தது. போன வருசம் முட்டி வலி தாங்கவில்லை என்று பால்ராஜ் தன் பாதியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு இந்த பிக்கப் வண்டியை எடுத்தான். நண்டும் இறாலும் ஏற்றி சென்னைக்கு ஓட்டலாம் என்று கணக்கு. மகள் கிறிஸ்டினா காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறாள், அவளும் வண்டி ஓட்டுவாள். மாசிலாமணி அப்போது ஒரு வார்த்தையும் பேசவில்லை. பாதிப் படகில் புதிதாக வந்து உட்கார்ந்த ஆளோடு கடலுக்குப் போனார், வந்தார்.

அந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. புதுப் படகு வந்தால் ஃபாதர் வந்து மந்திரிப்பது தனி. அது முடிந்தாலும் படகு தண்ணீரைத் தொடாது. வீட்டில் பெரியவன் யாரோ அவன் படகை மணலில் வைத்து ஒரு சுற்று சுற்றி வரவேண்டும், உள்ளங்கையை விளிம்போடு ஓட்டிக்கொண்டே. மனசுக்குச் சரியென்று பட்டால் கடலோடு சேர்கிற உப்பு ஏரியில் இறங்கி இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளிவந்து முகப்பில் ஊற்றவேண்டும். அப்புறம்தான் தொழில். ஒரு பலகை சரியாக உட்காரவில்லை என்று அவர்கள் அப்பன் ஒரு படகை மழைக்காலம் முழுக்க மணலிலேயே போட்டுவைத்திருந்தார். தச்சன் வந்து வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பிரித்துப் போட்டான்.

பால்ராஜ் வண்டியைக் கொண்டுவந்து நேராக அந்த மணலில்தான் நிறுத்தினான். படகு நிற்கிற அதே இடம், ஏரியைப் பார்த்த முகம். அண்ணனைக் கூப்பிட்டான். மாசிலாமணி சுற்றி வந்தார். டிரைவர் பக்கத்துக் கதவு நூல் அளவு வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. பின்கதவு இடது பக்கம் வாயைத் திறந்துகொண்டிருந்தது. "உக்காரல," என்றார். கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

கம்பெனியில் கேட்டதற்கு எல்லா வண்டியிலும் அந்த அளவு இருக்கத்தான் செய்யும் என்று சொல்லி அனுப்பினார்கள். மாசிலாமணி அதை நம்பவில்லை. எங்கேயோ இடித்ததைத் தட்டி, பெயிண்ட் அடித்து, புதுசு என்று தலையில் கட்டிவிட்டான் என்றார். பால்ராஜ் சிரித்தான்.

"உன்ன மாரி ஒரு ஆள கம்பெனிக்காரன் வேலைக்கு வெச்சிருந்தான்னா ஒரு வண்டியும் கேட்டத் தாண்டி வராதுணா."

சிரித்தான், ஆனால் வண்டியைத் தொழிலுக்கு ஓட்டவில்லை. அவன் எடுத்துக்கொண்டு போயிருந்தால் யாரும் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கப் போவதில்லை. தினமும் காலையில் துணியும் வாளியுமாக வந்து துடைப்பான். அண்ணன் வலைக்குப் போகிற வழியில் வந்து இடுக்கில் விரலை வைக்கும்வரை துடைத்துக்கொண்டே இருப்பான். உக்காரல என்ற சொல்லைக் கேட்டதும் இரண்டு பேரும் போய் டீ குடிப்பார்கள். படகைப் பற்றி ஒரு பேச்சும் வராது.

நேற்று அவனும் கிறிஸ்டினாவும் வண்டியை மீஞ்சூரில் ஒரு டிங்கர் கடைக்குக் கொண்டுபோனார்கள். பொழுது சாய்வதற்குள் அவன் ஆம்புலன்சில் வந்தான். அவள் பின்னாலேயே வண்டியை ஓட்டிவந்து, பழைய இடத்தில், மணலில் நிறுத்தினாள்.

இப்போது எதில் எடுத்துப் போவது என்று உள்ளே பேச்சு கிளம்பியிருந்தது. கோயிலில் சவப்பெட்டி வைத்துத் தள்ளிப் போகிற வண்டி ஒன்று இருக்கிறது. அது போதும் என்றான் பால்ராஜின் பெண்சாதி மரியம்மாவின் தம்பி. எளாவூரிலிருந்து வந்தவன், எங்கே போனாலும் முடிவு சொல்லிவிட்டுத்தான் டீ குடிப்பான். புது வண்டியின் முதல் நடையே பிணமா, நாளைக்கு எவன் அதில் மீன் ஏற்றுவான் என்று அவன் கேட்டதற்கு நாலு பேர் தலையாட்டினார்கள். கிறிஸ்டினா மட்டும் ஒப்பவில்லை. நைனா இன்னும் ஒரு லோடு கூட இதில் ஏற்றவில்லை, அவரை ஏற்றாமல் வேறு யாரை ஏற்றுவது என்றாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது, ஆனாலும் விடவில்லை.

அப்புறம் யாரோ வந்து மரியம்மா கூப்பிடுகிறாள் என்றார்கள். மாசிலாமணி வாசற்படியில் போய் நின்றார். அதைத் தாண்டவில்லை. ஐஸ் பெட்டி மேல் கன்னத்தை வைத்திருந்த மரியம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அதுல போவட்டுமா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும். அவரு உங்க வாயப் பாத்துக்கினுதான கெடந்தாரு."

அவர் கை வாசல் நிலையின் விளிம்பில் ஓடியது.

"அந்த இடுக்குல இன்னாதான் மாமா தேடுனீங்க?"

இடுக்கைத்தான் தேடினேன் என்று வாய்வரை வந்தது. கண்ணாடிக்குள் தம்பியின் தாடையைக் கட்டியிருந்த வெள்ளைத்துணியின் முடிச்சு ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. அதை நேராக்கவேண்டும் போல இருந்தது. பெட்டி மூடியிருந்தது. வெளியே வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரிப் பக்கம் நடந்தார்.

தண்ணீர் வற்றி உள்ளே போயிருந்தது. சேற்றில் வெகுதூரம் போகவேண்டியிருந்தது. சாவு வீட்டுக் கூட்டம் முழுக்கக் கரையில் வந்து நின்று பார்த்தது. ஒருத்தி குடம் கொண்டு ஓடினாள், அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். குனிந்து இரண்டு கையிலும் அள்ளினார். விரல்களை இறுக்கி வைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். படகென்றால் தண்ணீர் ஓரத்திலேயே நிற்கும், அள்ளினதும் ஊற்றிவிடலாம். வண்டி மேட்டில் நின்றது. சேற்றில் கால் புதைந்து புதைந்து வந்து சேர்ந்தபோது கையில் ஊற்றுவதற்கு ஒன்றும் இல்லை, ஈரம்தான் இருந்தது. அந்த இரண்டு உள்ளங்கையையும் வண்டியின் முகப்பில் வைத்து அழுத்தினார்.

எளாவூர்க்காரன் அதற்குமேல் பேசவில்லை.

சவப்பெட்டியை ஏற்றினார்கள். பின்கதவைத் தூக்கினபோது வலது கொண்டி விழுந்தது, இடது விழவில்லை. பையன்கள் இரண்டு தடவை அடித்துப் பார்த்தார்கள். மாசிலாமணி அவர்களை விலக்கிவிட்டுத் தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினார். விழுந்தது. கிறிஸ்டினா ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். வண்டி நடை வேகத்தில் போக, அவர் பின்னால் நடந்தார். கூட்டம் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது. அவர் பாடவில்லை. வழி நெடுக இடது கொண்டியையே பார்த்துக்கொண்டு வந்தார், மேட்டிலும் பள்ளத்திலும் அது கழன்றுவிடுமோ என்று.

கோயில் வாசல் சிமெண்டு போட்டது. வண்டி அங்கே ஏறி நின்றதும் பெட்டியை இறக்கி உள்ளே தூக்கிப்போனார்கள். பின்கதவைத் தொங்க விட்டுவிட்டே எல்லாரும் போய்விட்டார்கள். இப்போதெல்லாம் திறந்ததைச் சாத்துகிற பழக்கம் எவனுக்கும் கிடையாது. மாசிலாமணி நின்று கதவைத் தூக்கினார். தோளைக் கொடுக்க ஒதுங்குவதற்குள் கை வாக்கிலேயே கதவு போய்ச் சேர, இரண்டு கொண்டியும் ஒன்றாக விழுந்தன.

திறந்தார். மறுபடி சாத்தினார். விழுந்தது.

இடது இடுக்கில் கட்டை விரலை வைத்தார். நகம் போகவில்லை. வலது பக்கம் வந்து வைத்தார். அங்கேயும் போகவில்லை. குனிந்து ஒற்றைக் கண்ணால் மேலிருந்து கீழே பார்த்தார். கோடு கிழித்த மாதிரி ஒரே அளவாக இருந்தது.

சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிய கிறிஸ்டினா பக்கத்தில் வந்து நின்றாள்.

"டிங்கர் கடைக்காரரும் இதத்தான் சொன்னாரு பெரிப்பா. டிரைவர் பக்கத்துக் கதவ மட்டும் கொஞ்சம் தட்டினாரு. பின்கதவுல வேல இல்லன்னுட்டாரு. மணல்ல ஒரு சக்கரம் எறங்கி நின்னா பாடி முறுக்கிக்குமாம், அதான் இடுக்கு காட்டுது, சமமா நிறுத்திப் பாருங்கன்னாரு."

மாசிலாமணி கதவை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"நைனா இன்னா சொன்னான்?"

"சிரிச்சாரு. டீ கிளாஸ கையில வெச்சிக்கினே சிரிச்சாரு. 'எங்கண்ணன் இத நம்ப மாட்டான்'னாரு." அவள் சாவியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். "அவ்ளோதான் பெரிப்பா. கிளாஸ் கீழ விழுந்துச்சு."

மணி அடித்தது. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள். அவர் இன்னொரு தடவை திறந்து சாத்திப் பார்த்துவிட்டுப் போனார். பூசை முழுக்கக் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நின்றார். எல்லாரும் முட்டி போட்டபோது ஒருவர் அவர் தோளைத் தொட்டு ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

கல்லறைத் தோட்டம் மணல். குழியின் விளிம்பு சரிந்துகொண்டே இருந்தது. கயிறு விட்டவர்களில் ஒரு பக்கத்தான் சீக்கிரம் விட்டான், பெட்டி சாய்ந்தது.

"இடது பக்கம் ஒசந்து கீது. விடு. இன்னும் கொஞ்சம் விடு," என்றார் மாசிலாமணி. அன்றைக்குக் கூட்டத்தில் அவர் குரல் கேட்டது அப்போதுதான். குழியின் ஓரத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டே கையைக் காட்டினார். கயிறு வைத்திருந்தவன், "செரியா பெருசு?" என்று கேட்டான். அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபாதர் காத்திருந்தார். எல்லாரும் காத்திருந்தார்கள். கடைசியில் ஒரு கை மணலை அள்ளி அவர்தான் முதலில் போட்டார்.

திரும்பி வந்ததும் கிறிஸ்டினா யோசிக்காமல் வண்டியைப் பழைய இடத்திலேயே நிறுத்தினாள். பின்சக்கரம் ஒன்று அது பழகின குழியில் இறங்கியது. வந்தவர்கள் கை கால் கழுவிக்கொண்டு பைக்கை எடுத்துக்கொண்டு போனார்கள். முகப்பில் மாசிலாமணியின் உள்ளங்கை பட்ட இடம் காய்ந்து, இரண்டு உப்புத் தடமாக வெளுத்திருந்தது. யாரும் அதைத் துடைக்கவில்லை.

அவர் வண்டியின் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கிறிஸ்டினா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"காரியமெல்லாம் முடிஞ்சதும் ஓட்டலாம்னு அம்மா சொல்லுது," என்றாள். "லோடு ஏத்தட்டுமா பெரிப்பா? நீங்கதான் தண்ணி வெச்சிட்டீங்களே."

"அது அவனுக்கு வெச்சது. வண்டிக்கு இல்ல."

"கோயில் வாசல்ல நீங்களே பாத்தீங்க. நேரா இருந்துச்சு."

"சிமெண்டுல நிறுத்தினா எதுவும் நேராத்தான் நிக்கும். நாம இருக்கறது மணல்ல."

அவள் சொம்பைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். நாளைக் காலையில் இங்கே வாளியோடு யார் நிற்பார்கள் என்று அவள் கேட்பாளோ என்று அவருக்குத் தோன்றியது. அவள் கேட்கவில்லை. மாசிலாமணி இடது ஓரத்தில் கட்டை விரலை வைத்தார். நகம் முழுசாக உள்ளே போனது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். தலையை ஆட்டினார்.

"உக்காரல," என்றார்.

தன் வீட்டைப் பார்த்து நடந்தார். மணலில் கால் இழுத்தது. வலது கையைக் கொஞ்சம் தூக்கியே வைத்திருந்தார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அந்த இடுக்கின் அளவு, கூடாமலும் குறையாமலும், அப்படியே இருந்தது.