பிரோஸ்ஷாவில் ஒரு பித்தளைப் பகடை

அங்கப்பனுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. கேஸ் சிலிண்டர் வந்தால் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அப்படிப்பட்டவர் மூன்று வருஷமாக ஞாயிறுதோறும் கணபதிப் பகுதியில் இருக்கும் மோகன்குமார் வீட்டு மாடிக்குப் போய்ப் பொம்மைச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாம் நிஜத்தில் நடந்த சண்டைகள். நூற்றெண்பது வருஷத்துக்கு முன்னால் பஞ்சாபில் வெள்ளைக்காரனும் சீக்கியரும் மோதிக்கொண்டவை. பெரிய மேஜையில் பச்சைத் துணி, அட்டை வீடுகள், சுண்டுவிரல் பாதி உயரத்தில் நானூறு ஈயச் சிப்பாய்கள். ஸ்கேல் வைத்து அளந்து நகர்த்த வேண்டும். சுட்டது பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். மோகன்குமார் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்துச் சட்டம் சொல்வார். கோட்டைமேட்டில் போர்டு எழுதும் கடை வைத்திருந்த மைதீன் பிச்சை வெள்ளைக்காரன் பக்கம். அங்கப்பன் சீக்கியர் பக்கம். இரண்டு பக்கத்துச் சிப்பாய்களுக்கும் பெயிண்ட் அடித்தவர் மைதீன் பிச்சைதான்.

மைதீன் பிச்சை உருட்டுவது தன் சொந்தப் பகடைகளை, அங்கப்பன் உருட்டுவது மோகன்குமார் வீட்டுப் பகடையை. மூன்று வருஷத்தில் அங்கப்பன் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. போன மாசம் நேராகவே கேட்டுவிட்டார்.

"பாய் உருட்டுனா ஆறு, நான் உருட்டுனா ஒண்ணு. அதெப்படிங்க?"

மைதீன் பிச்சைக்கு முகம் சுண்டிவிட்டது. "என்ற பகடைல கோளாறுன்னா உங்களுக்குன்னு ஒண்ணு செஞ்சுக்கங்க அங்கப்பண்ணா. நீங்கதான் பட்டறைலயே கெடந்தவராச்சே." எழுந்து போனவர் இரண்டு வாரம் வரவேயில்லை. மோகன்குமார் போய்க் கெஞ்சிக் கூட்டிவந்தார்.

அதற்குள் அங்கப்பன் இரண்டு வேலை செய்திருந்தார். ஒன்று, பித்தளைக் கட்டியை வெட்டி, அரத்தால் ராவி, ஒரு பகடை செய்தார். புள்ளி தேயக் கூடாதென்று ட்ரில்லை நல்ல ஆழமாக இறக்கினார். இன்னொன்றை யாரிடமும் சொல்லவில்லை. வாய்ச்சண்டை போட்ட அன்றே மைதீன் பிச்சையின் நாலு சிவப்புப் பகடையில் ஒன்றை ஜோபியில் போட்டுக்கொண்டு போய், ஹேக்ஸா பிளேடால் இரண்டாக அறுத்துப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை. வெறும் பிளாஸ்டிக். மைதீன் பிச்சை திரும்பி வந்த அன்று, ஒன்று குறைகிறதே என்று மேஜைக்கடியில் தேடினார். அங்கப்பனும் கூடவே குனிந்து தேடினார்.

இன்று பித்தளைப் பகடையின் முதல் ஆட்டம். பிரோஸ்ஷா சண்டை. காலையிலிருந்து ஆறு ஆறாக விழுந்தது. ஆட்டத்தில் முதல் நாள் முடிந்து இரண்டாம் நாள் விடிந்தபோது வெள்ளைக்காரனிடம் குண்டு தீர்ந்திருந்தது. அந்த நேரம் பார்த்துச் சீக்கியரின் தளபதி தேஜ் சிங், களைக்காத புதுப் படையோடு வந்து நின்றான். நிஜத்தில் அவன் சண்டையை முடிக்காமல் திரும்பிப் போய்விட்டான். ஏன் என்று இன்றைக்கும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

"அஞ்சோ ஆறோ உழுந்தா படை எறங்கும், அண்ணன் ஜெயிச்சாச்சு," என்றார் மோகன்குமார். "நாலும் அதுக்குக் கீழயும்னா திரும்பிப் போயிரும்."

"புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்குதா?"

"ஏனுங்ணா, ஒரு வாத்தியாரக் கூட்டியாந்து படிக்கச் சொல்லட்டுங்களா?"

"அந்த வாத்தியாரையும் தராசுல ஏத்திப்போடுவாரு," என்றார் மைதீன் பிச்சை.

டீ குடித்துவிட்டு உருட்டலாம் என்று மற்ற இருவரும் டீ எடுத்துவரக் கீழே போனார்கள். அங்கப்பன் தனியாக உட்கார்ந்து, பகடையின் இரண்டு எதிர் மூலைகளை நகத்தால் லேசாகப் பிடித்தார். அது தானாகச் சுழன்று நின்றது. ஆறு மேலே. சுண்டிவிட்டார். மறுபடியும் ஆறு மேலே.

முப்பத்தொரு வருஷம் பம்ப் கம்பெனியில் இம்பெல்லர் பேலன்ஸ் செய்தவர் அவர். பம்புக்குள் சுற்றும் அந்தச் சக்கரத்தைத் தண்டில் கோத்து உருட்டிவிட்டால் கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். அங்கே ட்ரில் விட்டுக் கனத்தைக் குறைக்க வேண்டும். அதைத்தான் ஆயுசு முழுக்கச் செய்தார். இந்தப் பகடையில் ஆறாம் பக்கம் ஆறு ஓட்டை, நேர் எதிரே ஒரே ஓட்டை. கனமான பக்கம் கீழே போனால் ஆறு மேலே வராமல் என்ன செய்யும்? அடுத்தவர் பகடையை அறுத்துப் பார்த்த மனுஷன் தன் பகடையைப் பிடித்துப் பார்க்கவில்லை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பேசாமல் உருட்டினால் போதும். மூன்று வருஷத்துக்கு ஒரு ஜெயம். யாருக்கும் தெரியாது. எதிரே தேஜ் சிங்கின் படை நின்றது. ஒவ்வொருவன் மீசையும் மைதீன் பிச்சை ஒற்றை மயிர் பிரஷில் இழுத்தது. தன்னை அடிக்க வருகிற படைக்கே இத்தனை நேர்த்தியாகப் பெயிண்ட் அடிக்கிற ஆள் பகடையிலா கை வைப்பார்?

மைதீன் பிச்சை டீ கிளாஸை நீட்டினார். "உருட்டுங்ணா. என்ற கதை முடிஞ்சுது."

"உங்க பகடைல ஒண்ணு குடுங்க பாய். இது கோளாறு." பித்தளையைப் பிடித்துச் சுண்டிக் காட்டினார். "காலைலருந்து நான் அடிச்சதெதுவும் செல்லாது." பிறகு ஜோபியிலிருந்து இரண்டு சிவப்புத் துண்டுகளை எடுத்து மேஜையில் வைத்தார். "இதும் நாந்தான்."

மைதீன் பிச்சை துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தார். "அன்னிக்கு என்கூடக் குனிஞ்சு தேடுனீங்களே!"

"தேடுனேன்."

"இடுப்பு வலிக்குதுன்னு வேற சொன்னீங்க!"

"அது நெசமாவே வலிச்சுது பாய்."

மோகன்குமார் சிரித்துவிட்டார். மைதீன் பிச்சை சிரிக்கவில்லை. டீயைக் குடித்து முடித்தார். பிறகு மீதி மூன்றில் ஒன்றை எடுத்து வைத்தார். "அடிச்சது அடிச்சதாவே இருக்கட்டும். உருட்டுங்க."

மூன்று விழுந்தது.

அங்கப்பன் ஸ்கேலை எடுத்தார். தேஜ் சிங்கின் படையை வரிசை வரிசையாகப் பின்னால் நகர்த்தினார். ஒரு நூல் அளவுகூடக் குறைக்கவில்லை.

"ஒண்ணுப் பக்கம் இன்னும் கொஞ்சம் தோண்டுனா பேலன்ஸ் ஆயிரும்," என்றார். "வர்ற வாரம் கொண்டாரேன்."

"ஒண்ணும் தோண்ட வேண்டாமுங்க. இந்த மூணு பகடையவே ரெண்டு பேரும் உருட்டிக்கலாம்," என்றார் மைதீன் பிச்சை.

அங்கப்பன் தலையாட்டினார். பிறகு அந்த மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்து, மூலையைப் பிடித்துச் சுண்டிப் பார்த்தார்.

மைதீன் பிச்சை, அறுபட்ட துண்டுகள் இரண்டையும் அவர் பக்கம் தள்ளினார். "இதையும் பாத்துருங்க."