பதின்மூன்றாவது படி

'மேல்வீடு' ஆறாம் பாகம் வெளியாகும் வெள்ளிக்கிழமைக்கு மூன்று வாரம் முன்பே அவள் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டாள். கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் வேலை அவளுக்கு. காரணம் என்ற இடத்தில் முதலில் 'சொந்த வேலை' என்று எழுதினாள். அது பொய்யோ என்று உறுத்தவே, அடித்துவிட்டு 'பேய்ப் படம்' என்று எழுதினாள். முதலாளி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பேய்க்கு ஏதாவது பார்வைக் கோளாறு இருந்தால் கையோடு கூட்டிக்கொண்டு வா, ஃபிரேமில் தள்ளுபடி தருகிறேன் என்றார்.

எதையும் அப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள்தான். ஒரு லென்ஸை மூன்று முறை அளந்த பிறகும் நான்காவது முறை அளந்தால் என்ன என்று கை போகும். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். இதனாலேயே அண்ணன் அவளுக்குச் சின்ன வயதில் 'இன்ஸ்பெக்டர்' என்று பெயர் வைத்தான். அம்மாவும் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

'மேல்வீடு' வரிசையில் கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு குடும்பம் கீழ்வீட்டுக்குக் குடி வரும். மேல்வீடு பூட்டிக் கிடக்கும். நட்டநடுப் பகலில் மேலே யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்கும். அவ்வளவுதான். ஐந்து பாகம், ஐந்து குடும்பம். மேலே இருப்பது யார், ஏன் இழுக்கிறார்கள் என்று ஒரு பாகத்திலும் சொல்லவில்லை. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. ரசிகர்களாகப் பார்த்து 'மேல்வீட்டம்மா' என்று ஒரு மரியாதைப் பெயர் வைத்திருந்தார்கள்.

முதல் பாகத்தை அவள் பதினொரு வயதில் அண்ணனோடு வீட்டில் உட்கார்ந்து பார்த்தாள். அவனுக்குப் பதினைந்து. அவர்களுடையதும் கீழ்வீடு. படத்தில் நாற்காலி இழுபட்ட அதே நேரத்தில் நிஜமான மேல்வீட்டிலும் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் புகுந்துகொண்டு அம்மா வரும் வரை வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. மேலே சத்தம் கேட்டதும் யார் முதலில் "மேல்வீட்டம்மா வந்துட்டா" என்று சொல்கிறார்களோ அவர்கள் ஜெயித்ததாகக் கணக்கு. தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும். மேலே குடியிருப்பது ஓய்வு பெற்ற ஒரு சார் என்றும், அவர் சாப்பிட உட்காருகிறார் என்றும் இருவருக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் அவளுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். அந்த ஒரு நொடி அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்த ஒரு நொடிக்காகத்தான் நோட்டே வைத்தாள். ஒவ்வொரு பாகத்திலும் விடை சொல்லாமல் விட்டதையெல்லாம் கேள்வியாக எழுதி எண் போட்டாள். நாற்காலிக்கு எத்தனை கால், சத்தம் ஏன் எப்போதும் ஜன்னல் பக்கமிருந்து கதவுப் பக்கம் போகிறது, மூன்றாம் பாகத்தில் பூட்டுக்குப் புதிதாக எண்ணெய் போட்டது யார். இப்படி நாற்பத்தொன்று சேர்ந்தன. நோட்டை யாருக்கும் காட்டுவதில்லை. கேள்விகள் அசட்டுத்தனமாக இருக்குமோ என்ற சந்தேகம் அவளுக்கு எப்போதும் உண்டு.

ஆனால் ரசிகர்களின் இணையப் பக்கத்தில் அவள் எழுதும் விமர்சனத்துக்குத் தனி மதிப்பு இருந்தது. படம் வெளியாகும் நாள் மாலை ஐந்து மணிக்கு அது வரும். அதைப் படித்துவிட்டு டிக்கெட் எடுக்க ஆயிரக்கணக்கான பேர் காத்திருப்பார்கள். இந்த முறை சிக்கல் அங்கேதான். அண்ணன் மூன்று வருடமாக ஓர் எடிட்டிங் அறையில் உதவியாளனாக இருக்கிறான். அங்கேயே பாய் விரித்துத் தூங்கி, அங்கேயே பல் தேய்த்து, கடைசியில் இந்த ஆறாம் பாகத்தில் பெயர் வாங்கியிருந்தான். படம் ஓடினால் அடுத்த படத்தை அவனிடமே கொடுப்பதாகப் பேச்சு. வெளியீட்டுக்காக வீட்டுக்கு வந்திருந்தவன் அன்று காலை அவள் செருப்பு மாட்டும்போது பின்னாலேயே வந்தான். பிடித்தால் தாராளமாக எழுது, பிடிக்காவிட்டால் கொஞ்சம் அடக்கி வாசி என்றான். பார்த்ததை எழுதுவேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

தியேட்டர் நிரம்பியிருந்தது. பத்தாவது நிமிடத்தில் நாற்காலியைக் காட்டினார்கள். அதற்கு மூன்று கால். ஒரு நொடி அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நோட்டில் அவள் எழுதிய முதல் கேள்விக்கு விடை அது. அடுத்து, நாற்காலி ஏன் ஜன்னலிலிருந்து கதவுக்குப் போகிறது என்று ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்துக்கு நிறுத்தி நிதானமாக விளக்கியது. இரண்டாவது கேள்வி. பிறகு பூட்டுக்கு எண்ணெய் போட்டவன் வந்தான். எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, ஏன் போட்டான் என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

ஏழாவது கேள்விக்கு மேல் அவள் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். இவ்வளவு கேள்வியையும் யாராவது கேட்டிருக்கலாம், பார்க்கிற எல்லாருக்கும் தோன்றுவதுதானே என்று தனக்கே சமாதானம் சொன்னாள். ஆனால் அதே வரிசையில் தோன்றுமா? பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் வாசிப்பது போலப் படம் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே போனது. இடையில் ஓர் இடத்திலும் பயம் வரவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் கைபேசியில் மின்சாரக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தார்.

இருபத்துமூன்றாவது கேள்வி வந்தபோது எல்லாம் தெளிவாகிவிட்டது.

இரண்டாம் பாகத்தில் ஒரு குழந்தை மாடிப்படி ஏறிக்கொண்டே சத்தமாக எண்ணும். பன்னிரண்டில் நிறுத்தும். பதினெட்டு வயதில் அவள் அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்தி எண்ணிப் பார்த்தாள். பதின்மூன்று படி வந்தது. 'பதின்மூன்றாவது படியைக் குழந்தை ஏன் எண்ணவில்லை?' என்று சிவப்பு மையில் எழுதி, இரண்டு மாதம் தூக்கமில்லாமல் பூரித்துப்போயிருந்தாள். பிறகுதான் மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. ஒரே படியை இரண்டு கோணத்தில் எடுத்து ஒட்டியிருந்தார்கள். குழந்தை ஒரே படியில் இரண்டு தடவை கால் வைப்பது போலத் தெரியும். உண்மையில் இருப்பது பன்னிரண்டுதான். வெட்கம் பிடுங்கித் தின்ன, கேள்வியைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் 'என் தவறு' என்று தேதியோடு எழுதினாள். உலகத்தில் ஒருவருக்கும் அவள் அதைச் சொன்னதில்லை.

இப்போது திரையில் பதின்மூன்றாவது படியை உடைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே மேல்வீட்டம்மா இருந்தாள். புருஷன் கொன்று அந்தப் படிக்குள் வைத்துப் பூசிவிட்டானாம். அதனால்தான் குழந்தைகள் அந்தப் படியை எண்ணுவதில்லையாம். வயலின் அழுதது. ஐந்து பாகத்தில் யாரும் பார்க்காத முகத்தை முழுத்திரையில் காட்டினார்கள். முப்பது வயது, திருத்திய புருவம், கன்னத்தில் கண்ணீர். பின்வரிசையில் ஒரு பெண் "பாவம்" என்றாள்.

அந்த 'பாவம்' அவள் காதில் பழுக்கக் காய்ச்சிய கம்பி போல இறங்கியது. பத்து வருடமாக அவளை நடுங்க வைத்தவளைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறார்கள்.

முடிவில் பெயர்கள் ஓடின. 'கதை ஆய்வு' என்று தனியாக, பெரிய எழுத்தில், அண்ணன் பெயர் வந்தது. மீதியைப் பார்க்காமல் எழுந்து வெளியே வந்தாள். மூன்று வருடம் முன்பு, வேலையில் சேரப் பெட்டி கட்டிய நாளில் அவன் நோட்டைப் பிடுங்கி, எடிட்டிங் அறைப் பசங்களுக்குக் காட்டுகிறேன் என்று பக்கம் பக்கமாகப் படம் பிடித்தது நினைவுக்கு வந்தது. இருபத்துமூன்று அப்போது அடிக்கப்படாமல் இருந்தது.

வீட்டில் அம்மா வேலைக்குப் போயிருந்தாள். அண்ணன் மேஜையில் இரண்டு டம்ளர் தேநீர் ஊற்றி வைத்துக் காத்திருந்தான். முகம் கல்யாண மாப்பிள்ளை போல இருந்தது. அவள் உட்காரவில்லை. அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து, பக்கத்தைத் திருப்பி அவன் முன்னால் போட்டாள்.

"இதை எப்பக் குடுத்த?"

அவன் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. இயக்குநர் எட்டு மாதமாகக் கதை கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தார், ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பேச்சுவாக்கில் அந்தப் படங்களைக் காட்டினேன், எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார் என்று சொன்னான். நாற்பத்தொன்றையும் பெரிதாக அச்செடுத்துச் சுவர் முழுக்க ஒட்டினார்களாம். திரையில் பார்த்து நீ துள்ளிக் குதிப்பாய் என்று நினைத்துத்தான் சொல்லாமல் வைத்திருந்தேன் என்றான்.

"பேரு உன் பேரு."

"உன் பேரும் இருக்கு. நன்றி லிஸ்ட்ல பாக்கலையா?"

"என்னன்னு?"

"இன்ஸ்பெக்டர்னு. ஜெனரேட்டர் வண்டிக்காரருக்குக் கீழ."

"ஷூட்டிங்குக்குப் பந்தோபஸ்து குடுத்த போலீஸ்னு நெனச்சுப்பாங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று அடக்கிக்கொண்டான். அடக்கிய சிரிப்பு கோபமாக மாறியது. ஊரெல்லாம் பாராட்டுகிறது, சொந்தத் தங்கைக்கு மட்டும் வயிறு எரிகிறது என்று ஆரம்பித்தான். பெயர் வேண்டுமென்றால் கேட்டிருக்கலாமே என்றான். பெயரைப் பற்றி மட்டுமே அவன் பேசப் பேச அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"பத்து வருஷமா கேள்வியா கேட்டுத் தள்ளின. இப்ப ஒருத்தன் உக்காந்து எல்லாத்துக்கும் பதில் சொன்னா கோபம் வருது. அப்புறம் எதுக்குடி கேட்ட?"

ஒருவேளை அவன் சொல்வது நியாயமோ? வழக்கம்போல ஒரு முறை தன்னையே சோதித்துப் பார்த்தாள். இரண்டாவது முறையும் பார்த்தாள். இந்த முறை மூன்றாவது தேவைப்படவில்லை.

"கேட்டுக்கிட்டே இருக்கத்தான் கேட்டேன். பயமே அதுலதான் இருந்துச்சு. நீ அத்தனையையும் கொண்டுபோய் அடைச்சிட்ட." மூச்சு வாங்கியது. "சரி, அதை விடு. ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல? இருபத்துமூணு தப்புன்னு சொல்லியிருப்பேன்."

"என்ன தப்பு?"

நோட்டில் குறுக்கே அடித்த வரியையும் பக்கத்தில் இருந்த தேதியையும் விரலால் தொட்டுக் காட்டினாள். அவன் புரியாமல் பார்த்தான். அவனுடைய மடிக்கணினியிலேயே இரண்டாம் பாகத்தை எடுத்து, படிக்கட்டுக் காட்சியைக் கால்வாசி வேகத்தில் ஓடவிட்டாள். எட்டாவது படியில் குழந்தையின் கால் இறங்கியது. கோணம் மாறியது. அதே கால், அதே படியில் மறுபடி இறங்கியது.

அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு வெட்டுக்கு இரண்டு பக்கமும் அசைவு இரட்டிக்காமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் மூன்று வருடமாக அவனுக்குச் சம்பளம். ஒரே தடவையில் பார்த்துவிட்டான். முகம் வெளிறியது.

"ஓவர்லாப்," என்றான் மெல்ல.

"ஆமா. இல்லாத படி. இல்லாத படிக்குள்ள ஒரு பொம்பளையக் கொண்டுபோய்ப் பூசியிருக்கீங்க. வயலின் வேற."

"யாருமே பாக்கல. எடிட்டர், டைரக்டர், நான்... சுவத்துல ஒட்டினதைத்தான் பாத்தோம். படத்தைத் திரும்ப யாரும் போட்டுப் பாக்கல."

"நீயாவது பாத்திருக்கணும். இது உன் வேலை."

அதற்குப் பிறகு அவன் குரல் இறங்கிவிட்டது. என்ன வேண்டுமானாலும் எழுது, மொக்கை என்று எழுது, என்னையே திட்டி எழுது, இந்தப் படி விஷயத்தை மட்டும் விட்டுவிடு என்றான். எடிட்டிங் அறையிலிருந்து வந்தவன் ஓவர்லாப்பைக் கதையென்று கொண்டுபோய்க் கொடுத்தான் என்று தெரிந்தால் அடுத்த படம் மட்டுமல்ல, இந்த வேலையே போய்விடும், ஊர் சிரிக்கும் என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்தும் கோபம் இம்மியளவும் குறையவில்லை. குறையாததில் அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

உட்கார்ந்து எழுதினாள். படத்தின் குறைகளை வழக்கம்போல எண் போட்டு எழுதப் பார்த்து, எண்களைப் பார்த்ததுமே எல்லாவற்றையும் அழித்தாள். கடைசியில் சில வரிகள்தான் மிஞ்சின. இந்தப் படத்தில் வரும் நாற்பத்தொரு விடைகளுக்கும் உரிய கேள்விகள் என்னுடையவை. விடைகள் என்னுடையவை அல்ல. பதின்மூன்றாவது படி என்று ஒன்று கிடையவே கிடையாது, அது நான் தவறாக எண்ணியது. அதன்மேல் ஒரு முழுப் படத்தைக் கட்டியிருக்கிறார்கள். முதல் ஐந்தையும் பார்த்தவர்கள் இதைப் பார்க்காதீர்கள், பிறகு அவற்றையும் பார்க்க முடியாமல் போகும்.

அவன் பெயரை எழுதவில்லை. எழுதாமல் விட்டது சரியா தப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. படத்தின் முடிவில்தான் பெரிய எழுத்தில் ஓடுகிறதே, தேடுபவர்கள் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டாள்.

ஐந்து அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. அண்ணன் எதிரே தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தேநீர் இரண்டும் ஆடை கட்டியிருந்தன.

மேலே நாற்காலி இழுபட்டது.

ஜன்னல் பக்கமிருந்து கதவுப் பக்கமாக, நீளமாக, தரையைப் பிறாண்டிக்கொண்டு போயிற்று. அண்ணன் தலையைத் தூக்கினான். பழைய பழக்கத்தில் அவன் முகம் ஒரு கணம் பதினைந்து வயதுக்குத் திரும்பியது. சமாதானத்துக்கு வேறு வழி தெரியாமல், பாதிச் சிரிப்போடு சொன்னான்.

"மேல்வீட்டம்மா வந்துட்டா."

அவள் காத்திருந்தாள். உடம்பை அசைக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றில் அந்தப் புளி கரைகிறதா என்று கவனித்தாள். கண்ணுக்குள் மூன்று கால் நாற்காலி வந்தது. திருத்திய புருவம் வந்தது. பின்வரிசைப் பெண்ணின் 'பாவம்' வந்தது. வேறொன்றும் வரவில்லை.

"மேல்வீட்டு சார்," என்றாள். "உக்கார்றார்."

விமர்சனத்தை அனுப்பிவிட்டு மடிக்கணினியை அவன் பக்கம் தள்ளினாள். பிறகு ஆறிப்போன இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு, தோற்றவள் போலக் கழுவப் போனாள்.