டிரம்மில் இருந்த பெயர்

1981-ல் பக்கிரிக்கு அடிக்கடி மூக்கில் ரத்தம் வர ஆரம்பித்தது. முதலியார்பேட்டையில் வீடு, ஒரு மில்லின் சாயப் பிரிவில் பத்து வருஷமாக வேலை. விரல்களில் மிளகு அளவுக்குக் குழிப்புண்கள். எந்தக் களிம்புக்கும் ஆறவில்லை.

"வேலைல எதைத் தொடுறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"சாயத்துக்குப் போடுற ஆரஞ்சு கலர் உப்பு, சார்."

"அதோட பேரைக் கேட்டுட்டு வாங்க."

மேஸ்திரிக்கும் பேர் தெரியவில்லை. டிரம்மின் லேபிள் கிழிந்து, நாலைந்து இங்கிலீஷ் எழுத்தும் எண்களும்தான் மிச்சம். படிக்கத் தெரியாத பக்கிரி, அவற்றை ஒரு காகிதத்தில் அப்படியே வரைந்துகொண்டு வந்தார். அவருக்குப் பகல் ஷிப்டு என்பதால் மனைவி ராஜாம்பாள் அதை எடுத்துக்கொண்டு டவுன் லைப்ரரிக்குப் போனாள்.

"காசு கட்டணுமா சார்?"

"இங்கயே பாக்கறதுக்கு வேணாம்மா" என்றார் அங்கே வேலை பார்த்த சக்கரபாணி. காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இங்கிலீஷ் புத்தகத்தில் பெயர் கிடைத்தது: பொட்டாசியம் டைக்ரோமேட். உடம்புக்கு என்ன செய்யும் என்று அதில் இல்லை. அவர் பிரெஞ்சுக்காரர்கள் ஊரை ஆண்ட காலத்தில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். அலமாரியின் மேல்தட்டிலிருந்து தடிமனான பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றை இறக்கினார். ஒரு மணி நேரம் தேடினார்.

"கையில ஆறாத குழிப்புண் வரும்னு போட்டிருக்கு. தூசி உள்ள போனா மூக்கு நடுத்தண்டுல ஓட்டை விழும். கையுறை இல்லாம தொடக்கூடாது."

ராஜாம்பாள் புத்தகத்தின் அட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இந்தப் பொஸ்தகம் எப்ப வந்தது சார்?"

அவர் முதல் பக்கத்து முத்திரையைப் பார்த்தார். "அம்பத்தெட்டுல."

"அவரு வேலைக்குச் சேந்தது எழுபத்தொண்ணுல."

சக்கரபாணி காகிதமும் பேனாவும் எடுத்தார். முழுவதையும் தமிழில் எழுதிக் கொடுத்தார். அவள் கேட்டதற்காக இன்னொரு பிரதியும் எழுதினார்.

ஒன்றைப் படித்த டாக்டர், பக்கிரியின் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். ஓட்டை விழுந்திருந்தது. இன்னொன்றை, ஷிப்டு மாறும் நேரத்தில் மில் வாசலில் நின்று ராஜாம்பாள் சத்தமாகப் படித்தாள். கூட வேலை செய்த கலியபெருமாள் தன் கையை விரித்துப் பார்த்தார். அவருக்கும் நாலு குழி.

மறுநாள் சாயப் பிரிவில் யாரும் அந்த டிரம்மைத் தொடவில்லை. ஆறாம் நாள் ரப்பர் கையுறை வந்தது; மூக்கு மறைப்புக்கு இன்னும் மூன்று மாதம் ஆனது. பக்கிரியைத் துணி மடிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். விரல்கள் ஆறின. மூக்கின் ஓட்டை அடையவில்லை. மூச்சு விட்டால் மெல்லிய விசில் போலக் கேட்கும்.

"பேரு தெரியாமயே பத்து வருஷம் தொட்டிருக்கேன்" என்றார் ஒருநாள்.

"தெரிஞ்சவங்க சொல்லியிருக்கலாம்" என்றாள் ராஜாம்பாள்.