மூன்று வரிசைக்கு முன்னால்

…அக்காவேதான், அந்தப் பின்னங்கழுத்தை எனக்குத் தெரியாதா, ஒரே வீட்டில் நாற்பது வருஷமாகப் பார்க்கிற கழுத்து, மூன்று வரிசைக்கு முன்னால், சாயம் போன பச்சை ஸ்வெட்டர்... படம் நடுவில் நின்று அரங்கத்து விளக்குகள் எரிந்தது அரை நிமிடம்கூட இருக்காது, "மன்னிச்சுக்கங்க, இதோ சரியாயிடும்" என்று ஆபரேட்டர் மேலேயிருந்து கத்தினார், சரியாகிவிட்டது, இருட்டு திரும்பிவிட்டது, எனக்குத்தான் ஒன்றும் சரியாகவில்லை. பார்த்திருப்பாளா? திரும்பவில்லையே... எழுபது பேர் உட்காரும் இந்தச் சின்ன அரங்கில் மாதக் கடைசி சனிக்கிழமை மதியம் எங்களைப் போன்றவர்களின் படம் போடுவார்கள், ஆணை நேசிக்கும் ஆண்கள், பெண்ணை நேசிக்கும் பெண்கள், உடம்பு ஒன்று சொல்ல மனசு வேறு சொன்னவர்கள். படம் முடிந்தும் இரண்டு பாட்டு ஓடும்வரை விளக்குப் போட மாட்டார்கள், இங்கே அது வழக்கம், முகம் காட்ட விரும்பாதவர்கள் அந்த இருட்டில் போய்க்கொள்ளலாம். இரண்டு வருஷமாக விளக்கு அணைந்த பிறகு வந்து, முதல் பாட்டிலேயே நான் பக்கவாட்டுக் கதவு வழியாக நழுவிவிடுகிறேன், மருந்துக்கடையில் ஸ்டாக் எடுக்கிற நாள் என்று வீட்டில் சொல்லிவிட்டு. அவள் இந்தச் சனிக்கிழமைகளில் லைப்ரரிக்குப் போகிறேன் என்றுதானே சொல்வாள்? சந்தேகப்பட்டு என்னைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறாளா?

இப்போதே எழுந்து போய்விடலாம், கதவு பத்தடி... திரையில் வயதான இரண்டு ஆண்கள் சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்று சண்டை போடுகிறார்கள், எனக்கு ஒன்றும் ஏறவில்லை, காதில் மாமாவின் குரல்தான் கேட்கிறது. இருபத்தெட்டு வயதில் எனக்குப் பெண் போட்டோ கொண்டு வந்தாரே, அன்று அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள், தலை நிமிராமலே, "அவன் வேணாங்கிறான்ல மாமா, விடுங்க, ஏன் எதுக்குன்னு நோண்டாதீங்க" என்றாள். "நீயும் கட்டிக்கல, அவனையும் கெடுக்கிறியா?" "ஆமா, இந்த வீட்ல ரெண்டு மொட்டை மரம் நின்னுட்டுப் போகட்டும், உங்களுக்கென்ன, நிழலுக்கு ஒதுங்கவா வர்றீங்க?" மாமா காபியைத் தொடாமல் போனார். அதோடு சரி, யாரும் என்னைக் கேட்டதில்லை, அவளும் கேட்டதில்லை, கேட்காத ஒரு கேள்விக்கு எப்படி நன்றி சொல்வது... அந்த நிம்மதியில்தான் இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறேன். அவளிடமிருந்தா ஓடப் போகிறேன்? எழுந்தேன், குனிந்தபடி போய் அவள் பக்கத்துக் காலி சீட்டில் உட்கார்ந்தேன்.

அவள் திரும்பவில்லை. "ஸ்டாக் எடுத்து முடிச்சாச்சா?"

"லைப்ரரியைப் பூட்டிட்டாங்களா?" என்றேன், அவள் தோள் குலுங்கியது, சிரிக்கிறாள், பின்னாலிருந்து யாரோ 'உஷ்' என்றார்கள். அப்பாடா... கண்ணைத் துடைத்துக்கொண்டேன், இருட்டு எவ்வளவு நல்லது. "நான் வர்றது எப்படித் தெரியும்?" "இன்னிக்குத்தான்டா தெரியும். லைட் வந்ததும் பின்னாடி ஒரு செருமல், அது யாரோடதுன்னு தெரியாதா எனக்கு?" "அப்ப நீ எனக்காக வரலையா?" "நல்லாருக்கே, நாலு வருஷமா இந்த சீட்டு என்னுது."

நாலு வருஷம். எனக்கும் இரண்டு வருஷம் முன்னால்... தம்பிக்காகக் கட்டிக்காமலே இருந்துவிட்டாள் என்று ஊரே சொல்லும், நானும் நம்பினேன், அதற்காகத் தனியாக ஒரு நன்றியை வேறு இத்தனை காலம் சுமந்தேன், அதை இப்போது எங்கே வைப்பது? "அக்கா, நீ..." என்று ஆரம்பித்தேன். "படத்தைப் பாரு" என்றாள், கோபமில்லை, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், சில்லென்ற விரல்கள். பார்த்தேன். என்னை யாரும் எதுவும் கேட்டுவிடாமல் காத்தவள்... அவளை நான் கேட்காமலிருந்ததை மரியாதை என்றுதானே நினைத்திருந்தேன், ஒருவேளை, யாராவது ஒருத்தராவது கேட்க மாட்டார்களா என்று இவள் இத்தனை வருஷமும்…